ஏழு அங்குலத் தேக்குத் தூண் கடைய எந்த உளி?

கேள்வி: 6 ஜூலை 2024

திண்ணைக்கு ஆறு தேக்குத் தூண் கடைந்து தரச் சொல்லி வேலை வந்திருக்கிறது அண்ணே. நீளம் ஏழரை அடி. எட்டங்குலச் சதுரத்திலிருந்து ஏழங்குல உருட்டு. அடியில் ஒன்றரை அடி சதுரமாகவே நிற்க வேண்டும், தலையில் குடமும் பத்மமும், நடுவில் வெறும் உருட்டு, மேலே போகப் போகக் கொஞ்சம் சிறுக்க வேண்டும். லேத்தில் இரண்டு சென்டருக்கும் நடுவே எட்டடி போகும், 2 ஹெச்.பி. மோட்டார். இதுவரை கட்டில் காலும் மாடிப்படிக் கம்பும்தான் கடைந்திருக்கிறேன், உளியெல்லாம் அரை, முக்கால் அங்குலம். தூணுக்கு இரண்டங்குல ரஃபிங் கௌஜ் (கரடு எடுக்கும் குழி உளி) இல்லாமல் முடியாது என்கிறார் ஒருவர். கார்பைடு வில்லை வைத்த உளி வாங்கிவிடு, சாணையே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எது சரி?

6 ஜூலை, இரவு 9.50

தம்பி, இரண்டங்குலம் வேண்டாம். ஒன்றேகால் அங்குல ரஃபிங் கௌஜ் ஒன்று போதும். மிஞ்சுகிற காசைச் சாணையில் போடு.

தூண் பெரிதானால் உளியும் அகலமாக வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கட்டில் கால் கடையும்போது என்ன நடக்கிறது என்று பார். மரம் மெலிசு. உளி பட்டதும் நடு வளைந்து நடுங்குகிறது, நீ பின்பக்கம் இடது கையைக் கொடுத்துத் தாங்குகிறாய். தூணில் கதை வேறு. உருட்டின் தடிமன் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு பதினாறு மடங்கு ஏறும். ஏழங்குலத் தேக்கு உன் உளிக்கெல்லாம் வளையாது. அப்போது நடுங்குவது எது? உளி, உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட், மரத்தின் மறுமுனையைப் பிடிக்கும் டெயில்ஸ்டாக், தரையில் சரியாக உட்காத லேத்தின் கால். மரம் விட்டுக்கொடுக்காததால் அடி முழுவதும் உன் பக்கம் திரும்புகிறது.

ஆகவே உளி வாங்கும்போது அகலத்தைப் பார்க்காதே, கனத்தைப் பார். ரஃபிங் கௌஜ் என்றால் அதன் சுவர் கால் அங்குலமாவது இருக்க வேண்டும், வால் பிடிக்குள் மூன்றங்குலமாவது இறங்கியிருக்க வேண்டும், பிடி ஒரு முழம் இருக்க வேண்டும். கடையில் பிடியோடு கிடைப்பது பெரும்பாலும் ஒரு சாண் பிடிதான். அதைக் கழற்றிவிட்டுக் கருவேல மரத்தில் நீயே பதினெட்டு அங்குலப் பிடி கடைந்துகொள். கைக்குப் பழக்கமும் ஆகும்.

உன் சாணை எது? அதைச் சொல்லவே இல்லையே.

7 ஜூலை, காலை 6.30

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன், உளியை விட அது முக்கியம். சதுரத்தை அப்படியே லேத்தில் ஏற்றாதே. மூலையை எடுத்து எட்டுப்பட்டை ஆக்கிவிட்டு ஏற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். எட்டங்குலச் சதுரத்தை எட்டங்குல உருட்டாக்கும்போது மரத்தில் நூற்றுக்கு இருபத்தொன்றரைப் பங்கு சுருளாகப் போகிறது. எட்டுப்பட்டை அடித்தாலே அதில் பதினேழு பங்கு போய்விடும். உளிக்கு மிஞ்சுவது நாலேகால் பங்கு. அதாவது கரடுமுரடான வேலையில் ஐந்தில் நான்கு பங்கை ரம்பம் முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டங்குல கௌஜுக்கு வேலை எங்கே?

கோடு போடுவது சுலபம். மரத்தின் முனை முகத்தில் மூலைவிட்டம் கீறு. அதில் பாதியைக் கவராயத்தில் எடு. ஒவ்வொரு மூலையிலும் ஊன்றி இரண்டு பக்கமும் வெட்டு. எட்டங்குலத்துக்கு அது ஐந்தரை அங்குலத்துக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) கூடுதலாக வரும், பக்கத்து மூலையிலிருந்து பார்த்தால் இரண்டேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கோடுகளை நீளத்துக்கு இழு. உன் தூணில் அடி சதுரமாக நிற்க வேண்டியிருப்பதால் ரம்பத்தை முழு நீளம் ஓட்ட முடியாது. சதுரத்துக்கு இரண்டங்குலம் முன்பாகவே நிறுத்திவிடு. எங்கள் பட்டறையில் அந்தக் கடைசி முனையை இன்னும் வாச்சியால்தான் செதுக்குகிறோம். நன்றாகத் தீட்டிய வாச்சி பத்து நிமிடத்தில் ஒரு மூலையை எடுத்துவிடும்.

7 ஜூலை, இரவு

வேகம் பற்றிக் கேட்டிருக்கிறாய். அங்குலத்தில் விட்டம் ஒன்று, நிமிடச் சுற்று ஒன்று, இரண்டையும் பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரை வரலாம் என்று கடைசல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அதன்படி ஏழங்குலத்துக்கு 850-க்கு மேல் போகலாம். நான் போக மாட்டேன். எட்டங்குலச் சதுரம் ஏழரை அடி என்றால் காய்ந்த தேக்கில் அறுபது கிலோ. அது சென்டரை விட்டு வந்தால் பட்டறையில் யாரும் நிற்க முடியாது. முதலில் 250, 300. உருண்டு சமமாக ஓட ஆரம்பித்த பிறகு 500, 600.

மெதுவாக ஓடினால் வெட்டு சரியாக விழாதே என்று பயப்படாதே. இரண்டரை அங்குலக் கட்டில் கால் 1,700 சுற்றில் ஓடும்போது உளி வாய்க்கு முன்னால் நிமிடத்துக்கு 340 மீட்டர் மரம் கடக்கிறது. ஏழங்குலம் 600 சுற்றிலேயே 335 மீட்டர் கடக்கிறது. உளிக்கு இரண்டும் ஒன்றுதான்.

8 ஜூலை

வேகத்தை வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்கருவி) வைத்துக் குறைத்துக்கொள்கிறேன் என்கிறாய். அங்கே கவனம் தேவை. 1,440 சுற்று மோட்டாரை வி.எஃப்.டி.யில் மட்டும் 600-க்கு இறக்கினால் சக்தியும் அதே விகிதத்தில் இறங்கும். 2 ஹெச்.பி. மோட்டார் 0.8 ஹெச்.பி. ஆகிவிடும், உளி வைத்ததும் நின்றுபோகும். லேத் தலைப் பக்கம் பெல்ட்டைச் சின்னக் கப்பியிலிருந்து பெரிய கப்பிக்கு மாற்றி வேகத்தை இறக்கு, மிச்சத்துக்கு மட்டும் வி.எஃப்.டி.

9 ஜூலை, இரவு 10.15

ஸ்க்யூ உளி (வாய் சாய்வாக இருக்கும் தட்டை உளி) பற்றி இரண்டு பேர் கேட்டதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தூணுக்கு நான் எடுப்பது ஒன்றேகால் அங்குல அகலம், பத்து மில்லிமீட்டர் கனம். கடைகளில் எட்டு மில்லிமீட்டர் கனத்தில் கிடைப்பது விலை குறைவு. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். விறைப்பு கனத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். எட்டிலிருந்து பத்துக்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அகலத்தைக் கூட்டினால் அந்தப் பலன் வராது, அகலம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுதான் விறைப்பும் கூடும்.

ரெஸ்டிலிருந்து உளி எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பதும் இதே கணக்குதான். ஓரங்குலம் நீட்டினால் ஒரு பங்கு வளைகிறது என்று வை, இரண்டங்குலம் நீட்டினால் எட்டுப் பங்கு. சதுரத்தைக் கடையும்போது மூலை சுற்றுவதால் ரெஸ்டைத் தள்ளி வைத்தாக வேண்டும். உருண்டதும் பலர் அதை நகர்த்த மறந்துவிடுகிறார்கள். ஏழரை அடித் தூணில் ரெஸ்டை நகர்த்துவது சலிப்பான வேலை, ஒரு முறைக்கு நாலைந்து தடவை நகர்த்த வேண்டியிருக்கும். அதனால்தான் நீள ரெஸ்ட் வாங்கச் சொல்கிறேன், மூன்றடி நீளம், கீழே இரண்டு கால். ஒற்றைக் காலில் நிற்கும் நீள ரெஸ்ட் ஓரங்களில் தொங்கும், அதில் உளி வைத்தால் உளியோடு ரெஸ்டும் சேர்ந்து ஆடும். நல்ல உளியைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு மாதம் அலைந்தேன், கடைசியில் பார்த்தால் ரெஸ்டுதான்.

ஸ்க்யூவின் கோணம் இரண்டு பக்கமும் சேர்த்து 30 முதல் 35 டிகிரி. தேக்குக்கு 35 பக்கம் வை, வாய் கொஞ்சம் நீண்ட நேரம் நிற்கும். ரெஸ்டில் உராயும் ஓரங்களை அரத்தால் உருட்டிவிடு. கூர் ஓரமாக விட்டால் அது ரெஸ்டில் வடு போடும், அடுத்த முறை உளி அந்த வடுவில் தடுக்கும்.

10 ஜூலை

"வெளிநாட்டு உளியே வேண்டுமா, கொல்லரிடம் அடித்துக்கொள்ளக் கூடாதா?"

அடித்துக்கொள்ளலாம். அப்பா அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமான் (குழந்தைகளின் மர விளையாட்டுச் சாமான்) கடைந்தவர். மஞ்சக்கடம்பு மரம், அரக்குக் கட்டி, கையளவு லேத். அவர் உளிகள் ஒன்றுகூடக் கடையில் வாங்கியது இல்லை. பாதி, தேய்ந்த அரத்தில் அடித்தது. மீதி, லாரிப் பட்டையில் (லாரியின் வில் பட்டை) அடித்தது. சின்னச் செப்புக்கு இரண்டும் அழகாக வேலை செய்யும்.

தூணுக்கு அரத்தில் அடித்த உளியைத் தொடவே தொடாதே. அரத்தின் இரும்பில் கரி அதிகம், கெட்டி, ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். சரியாகப் பதம் இறக்காமல் இருந்தால் உளி மரத்தில் மாட்டும் ஒரு கடியில் இரண்டாகப் போகும், உடைந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. லாரிப் பட்டை அப்படி இல்லை, வளைந்தாலும் முறியாது. என்னிடம் இருக்கும் இரண்டங்குல அகலத் தட்டை உளி ஒன்று கொல்லர் லாரிப் பட்டையில் அடித்துக் கொடுத்தது, இருபது வருடமாக ஓடுகிறது. குறை ஒன்றே: சாணையில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும்.

ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) என்றால் நீலம் பாய்ந்தாலும் பதம் போகாது. அதைத் தண்ணீரில் முக்காதே. சூட்டில் இருந்து திடீரென்று ஆறினால் வாயில் மயிரிழை வெடிப்பு விழும்.

13 ஜூலை, மாலை

ஹெச்.எஸ்.எஸ். என்று எழுதி விற்பதெல்லாம் ஹெச்.எஸ்.எஸ். இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இணையத்தில் எட்டு உளி கொண்ட ஒரு செட் வாங்கினேன். பளபளப்பு, மரப்பெட்டி, ஒவ்வொன்றிலும் முத்திரை. ரஃபிங் கௌஜ் அரைத் தூணுக்குள் மழுங்கியது. தேக்குதான் அப்படி என்று நினைத்துத் தீட்டித் தீட்டி ஒரு வாரம் போராடினேன்.

ஒரு நாள் சாயங்காலம் விளக்குப் போடும் முன்பு அதைச் சாணையில் வைத்தேன். இருட்டில் பொறி வெள்ளையாக, கம்பி மத்தாப்பு மாதிரி கிளைத்துக் கிளைத்துத் தெறித்தது. உடனே பக்கத்தில் இருந்த பழைய ஷெஃபீல்டு ஹெச்.எஸ்.எஸ். உளியை வைத்தேன். மங்கிய செம்மஞ்சளில் நாலைந்து கோடுதான், அதில் ஒன்றுகூடக் கிளைக்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, செட் முழுவதும் சாதாரணக் கரி எஃகு. திருப்பிக் கொடுக்கும் தேதி கடந்துவிட்டது.

இந்தப் பொறிச் சோதனைக்குக் காசு ஒன்றும் வேண்டாம். உளி வந்ததும் வாயில் வேண்டாம், பிடி ஓரம் வெளியே தெரியும் வாலில் சாணையைத் தொட்டுப் பார். வாலை வேறு இரும்பில் ஒட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் தோள் பக்கமும் ஒரு முறை தொடு. முதல் நாளே தெரிந்தால் திருப்பி அனுப்பலாம்.

14 ஜூலை

கிண்ணம் கடையவும் இதே ரஃபிங் கௌஜ் ஆகுமா என்று கேட்டவருக்கு: ஆகாது, வேண்டவே வேண்டாம். தூணில் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது, உளி அதைக் குறுக்கே சீவிக்கொண்டு போகிறது. கிண்ணத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை நார் முனை உளியை எதிர்த்து வரும். ரஃபிங் கௌஜின் வாய் அகலம், ஆனால் பிடிக்குள் போகும் வால் மெலிசு. கடி விழுந்தால் முறிவது அந்த வால்தான். முகத்துக்கு நேரே பாதி உளி வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

20 ஜூலை, இரவு

கார்பைடு பற்றி முன்பு ஒருவரிடம் கடுமையாகப் பேசியிருந்தேன். அதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

என் குறை இதுதான். கார்பைடு வில்லையைத் தட்டையாக வைத்தால் அது சீவாது, சுரண்டும். சீவிய தேக்கில் கை வைத்தால் வழுக்கும், எண்ணெய் பூசியது போல ஒரு மினுமினுப்பு தானாகவே வரும். சுரண்டிய தேக்கில் நார் எழுந்து நிற்கும், குடத்தின் கழுத்தில் பொக்கை விழும். அதை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சரிசெய்ய ஒரு நாள் போகும். ஒரு தூணுக்கு ஒரு நாள் என்றால் ஆறு தூணுக்கு ஒரு வாரம் தூசி தின்ன வேண்டும். தேக்குத் தூசி தோலில் அரிப்பைக் கிளப்பும், மூச்சுக்கும் கெடுதல்.

ஆனால் போன வாரம் காரைக்குடியில் இடித்த வீட்டிலிருந்து நான்கு பர்மாத் தேக்குத் தூண்கள் வந்தன. அடி ஓரடிக்குக் கரையான் தின்றது, மேலே எல்லாம் வைரம். செட்டிநாட்டு வீட்டு மரத்தைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், நூறு வருடம் காய்ந்தது, தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். வெட்டி எறிய மனது வராது. அடியில் ஒட்டுப் போட்டு, மேல் உருட்டை மட்டும் ஒன்றரை நூல் கடைந்து புதுக்கலாம் என்று ஏற்றினேன். முதல் தூணில் நாலாவது நிமிடம் ஆணி. தோரணம் கட்ட, விளக்கு மாட்ட என்று மூன்று தலைமுறை அடித்த ஆணிகள், தலை ஒடிந்து உள்ளேயே தங்கியவை. கௌஜின் வாயில் அரைப் பயறு அளவுக்குக் குழி. அதை எடுக்கச் சாணையில் ஒன்றரை மில்லிமீட்டர் எஃகு போனது.

அதற்கப்புறம் கார்பைடைக் கையில் எடுத்தேன். ஆணியில் பட்டால் கார்பைடும் உடையும், அதுவும் நொறுங்கும் பொருள்தான். ஆனால் திருகைத் தளர்த்தி வில்லையை ஒரு மூலை திருப்பினால் புது வாய். தேக்கில் சிலிக்கா வேறு இருக்கிறது, அந்த மணல் எந்த எஃகையும் தின்றுவிடும், கார்பைடு அதையும் தாங்குகிறது. மேல் தோலை முழுக்க அதில் எடுத்து, ஆணியெல்லாம் வெளியே தெரிந்து பிடுங்கிய பிறகு, கடைசி ஒரு நூலை கௌஜாலும் ஸ்க்யூவாலும் சீவினேன். வில்லையை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்துப் பிடித்தால் சுரண்டலும் கொஞ்சம் சீவலாக மாறுகிறது என்பதையும் இதில்தான் பழகினேன்.

எனவே பழைய மரம் என்றால் கார்பைடு ஒன்று வைத்துக்கொள். புது மரம் என்றால் இப்போதைக்கு வேண்டாம். சாணை வேண்டாம் என்று சொன்னவர் பேச்சை மட்டும் கேட்காதே. பழைய மரம் எதுவானாலும் ஏற்றும் முன்பு காந்தத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்.

21 ஜூலை

காந்தம் பித்தளை ஆணியையும் ஈயத்தையும் பிடிக்காதே என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். சரிதான். சுவரில் கம்பி தேடும் டிடெக்டர் இருந்தால் அதுவே மேல்.

28 ஜூலை, மதியம்

இரண்டங்குல கௌஜ் வேண்டவே வேண்டாம் என்று முதல் நாள் அடித்துச் சொன்னேன். நண்பர் ஒருவரிடம் இருந்ததை ஒரு வாரம் வாங்கிவந்து ஓட்டிப் பார்த்தேன். கரடு எடுக்க அது வேண்டாம் என்பதில் மாற்றம் இல்லை. முழு வாயையும் கொடுத்தால் 2 ஹெச்.பி. மோட்டார் முனகுகிறது, தோளுக்கும் வலி.

ஆனால் நடு உருட்டில் அது வேறொரு வேலை செய்தது. வளைந்த வாய் உள்ள எந்த உளியும் நீளவாக்கில் போகும்போது அலை அலையாகத் தடம் விடும். வாயின் வளைவு எவ்வளவு அகலமோ அவ்வளவு தட்டையாக அலை இருக்கும். முக்கால் அங்குல கௌஜ் விட்ட தடத்தை விரல் நகத்தால் எண்ணலாம், இரண்டங்குலம் விட்டது வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால்தான் தெரிகிறது. ஐந்தடி வெறும் உருட்டுக்கு இது பெரிய விஷயம். ஸ்க்யூவில் ஐந்தடியும் ஒரே சீராக ஓட்டும் கை எல்லோருக்கும் முதல் தூணிலேயே வந்துவிடாது.

வாங்கலாமா என்றால், ஆறு தூணுக்காக வாங்க வேண்டாம். ஏனென்றால் அந்த வேலைக்கு உன்னிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. இழைப்புளி. தூணை 300 சுற்றில் ஓடவிட்டு, இழைப்புளியைத் தூணுக்குக் கோணலாக, நாற்பத்தைந்து டிகிரியில், ரெஸ்டில் அடியைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக நகர்த்து. அலகு மெல்லியதாகத் தள்ளியிருக்க வேண்டும், தாள் கனம். சுருள் நூல் மாதிரி வரும். இழைப்புளியின் நீள அடி மேட்டை மட்டுமே தொடும், பள்ளத்துக்குள் இறங்காது. அதனால் உருட்டு தானாக நேராகிறது. சிறுத்துப்போகும் சாய்வுக்கும் இது ஒத்துவரும். முதலில் கௌஜால் சாய்வைப் போட்டு, இழைப்புளியால் ஓட்டிவிடு.

இதை முதல் தடவை செய்யும்போது பட்டறைப் பையன் பத்தடி தள்ளிப் போய் நின்றான். மூன்றாவது தூணில் அவனே கேட்டு வாங்கி ஓட்டினான்.

11 ஆகஸ்ட், இரவு

முதல் தூணின் படம் பார்த்தேன். குடம் அருமையாக விழுந்திருக்கிறது. சதுரத்தின் தோள் சிராய் பெயர்ந்திருக்கிறது, அதற்கு இந்தக் குறிப்பு.

சதுரமும் உருட்டும் சேரும் இடத்தைத்தான் முதலில் வெட்ட வேண்டும். உருட்டைக் கடைந்துவிட்டு அப்புறம் தோளுக்கு வந்தால் கௌஜ் சதுரத்தின் மூலையைப் பிய்த்துக்கொண்டு போகும். கோட்டைப் பென்சிலால் போடாதே, கத்தியால் நாலு பக்கமும் ஆழமாகக் கீறு. ஸ்க்யூவின் நீள முனையைக் கீழே வைத்து, கீறலுக்கு ஒரு மயிரிழை உருட்டுப் பக்கமாக, வி வடிவத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வெட்டு. முனை மட்டும் மரத்தைத் தொட வேண்டும், வாயின் நடு தொட்டால் கடிக்கும். சுழலும் சதுரத்தின் மூலை கண்ணுக்கு நிழல் போலத்தான் தெரியும். பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டிவை, நிழலின் ஓரம் தெளிவாகத் தெரியும்.

ஆறும் ஒன்றுபோல வர வேண்டும் என்றால் மெல்லிய பிளைவுட் பட்டை ஒன்றில் அளவுகளைக் குறித்து வை. குடம் எங்கே தொடங்குகிறது, எங்கே அகலம், கழுத்து எங்கே, ஒவ்வொன்றின் விட்டம் எவ்வளவு. அந்தப் பட்டையைத் தூணில் சாய்த்துப் பென்சில் முனையை வைத்தால் கோடு தானாகச் சுற்றி விழும். ஒவ்வொரு கோட்டிலும் பார்ட்டிங் உளியால் (பள்ளம் வெட்டும் ஒல்லி உளி) அந்த விட்டம் வரை இறக்கு. மற்றதெல்லாம் அந்தப் பள்ளங்களை இணைப்பது மட்டுமே.

பார்ட்டிங் உளி வாங்கத் தேவையில்லை. இரும்பு அறுக்கும் பவர் ஹேக்ஸாவின் பழைய ஹெச்.எஸ்.எஸ். பிளேடை லேத் பட்டறைகளில் எடைக்குக் கொடுப்பார்கள். பல்லைச் சாணையில் எடுத்துவிட்டுப் பிடி போட்டால் முதல் தரம். எல்லா பிளேடும் முழுக்க ஹெச்.எஸ்.எஸ். கிடையாது, சிலவற்றில் பல் ஓரம் மட்டும்தான். பொறி பார்த்து எடு. பெரிய விட்டத்தில் பள்ளம் ஆழமாகப் போகும்போது உளியின் பக்கங்கள் இறுகிச் சூடேறும். ஒரே தடத்தில் குத்திக்கொண்டே போகாமல் அரை உளி தள்ளி இன்னொரு வெட்டுப் போட்டுப் பள்ளத்தை அகலமாக்கிக்கொண்டே இறங்கு.

12 ஆகஸ்ட்

படத்தில் தோளில் துண்டு தெரிகிறது. லேத் பக்கத்தில் துண்டு, தளர்ந்த வேட்டி, முழுக்கைச் சட்டை, கழுத்தில் கயிறு எதுவும் கூடாது. முகக்கவசம் போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி. துண்டை ஆணியில் மாட்டிவிட்டு வா.

25 ஆகஸ்ட், இரவு 8.40

இன்னொருவர் இதே அளவுத் தூண்களுக்கு "கடைசியாக எதையெல்லாம் வாங்க" என்று கேட்டிருக்கிறார். இப்போது என்னைக் கேட்டால் இந்த வரிசையில் வாங்கச் சொல்வேன்.

முதலில் சாணை. எட்டங்குலக் கல், 1,440 சுற்று, வெள்ளை அலுமினியம் ஆக்ஸைடு, 80 கிரிட். சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைடு பூசிய) சக்கரம் வாங்க வசதி இருந்தால் ஹெச்.எஸ்.எஸ்.ஸுக்கு அதுபோல ஒன்று இல்லை, தேயாது, வடிவம் மாறாது. ஆனால் மென்மையான எஃகைக் கனமாக அதில் தேய்க்கக் கூடாது, அடைத்துக்கொள்ளும். தேக்கில் நான் ஒரு தூணுக்குப் பதினைந்து தடவையாவது சாணைக்குப் போகிறேன். சாணை லேத்திலிருந்து இரண்டு எட்டில் இருக்க வேண்டும். தள்ளி இருந்தால் "இன்னும் கொஞ்சம் ஓட்டிக்கொள்ளலாம்" என்று தோன்றும், மழுங்கிய உளிதான் கடிக்கும்.

அடுத்து இரண்டு கால் நீள ரெஸ்ட். அப்புறம் ஒன்றேகால் அங்குல ரஃபிங் கௌஜ், 45 டிகிரி. ஒன்றேகால் அங்குல ஸ்க்யூ, பத்து மில்லிமீட்டர் கனம். அரை அங்குல ஸ்பிண்டில் கௌஜ் 38 டிகிரி பக்கம், குடத்தின் கழுத்துக்கும் பத்மத்தின் இதழ் வளைவுக்கும். பிளேடில் செய்த பார்ட்டிங் உளி. எல்லாம் ஒரே நாளில் வாங்க வேண்டாம். ஸ்க்யூவை முதலில் கட்டில் காலில் பழகு.

டெயில்ஸ்டாக்கில் மரத்தோடு சேர்ந்து சுழலும் லைவ் சென்டரையும் பார்த்துக்கொள். கட்டில் காலுக்கு வாங்கிய சின்னது அறுபது கிலோவைத் தாங்கிச் சூடேறும். முதல் அரை மணி நேரத்தில் இரண்டு தடவை நிறுத்தி, தொட்டுப் பார்த்து, தளர்ந்திருந்தால் கைச்சக்கரத்தை இறுக்கு. மரம் சென்டரில் உட்கார உட்காரத் தளரும்.

1 செப்டம்பர்

ஆகஸ்ட் 11 குறிப்பில் காலிப்பர் பற்றி எழுத விட்டுப்போனது. விட்டம் இறங்கியதா என்று பார்க்கப் பள்ளத்தில் காலிப்பரை வைக்கும்போது மரம் ஓடிக்கொண்டிருக்கும். புதுக் காலிப்பரின் கால் முனைகள் சதுரமாக, கூர் ஓரத்தோடு வரும். அது பள்ளத்தில் மாட்டினால் காலிப்பரை மரம் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு முனைகளையும் அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் வழவழப்பாக்கிய பிறகு பயன்படுத்து. தூணின் பின்பக்கத்திலிருந்து வை, அழுத்தாதே. எட்டங்குலம் திறக்கும் காலிப்பர் வேண்டும், ஆறங்குலம் இந்த வேலைக்குப் பத்தாது.